தீபாவுக்கு மெட்ராஸ் ஐ

தயாளனுடைய ஈரலை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் தையல்நாயகிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை இல்லை என்று சாதித்துப் பயனில்லை. பெற்ற வயிறு. ஒரே மகனைப் படுக்கப் போட்டு, வயிற்றைக் கிழித்து, ஈரலில் பாதியை வெட்டி எடுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சிலேயே, அப்படியானால் சுபத்ரா செத்துப்போவாள் என்பதும் உறைத்தது.

சுபத்ரா அவளுடைய மருமகள். கழுத்தில் எழும்பிய கட்டி டி.பி. கட்டி என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். எங்கோ ஒருவருக்கு அந்த மாத்திரை ஈரலுக்கு ஆகாமல் போய்விடுமாம். அந்த எங்கோ ஒருத்தி அஸ்தினாபுரத்தில் இவர்கள் வீட்டு அடுப்படியிலேயே நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வாந்தி வந்தபோது பித்தம் என்று விட்டுவிட்டார்கள். கண் மஞ்சளானதும்தான் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். ஆம்புலன்ஸ் அவளை மேடவாக்கம் தாண்டி இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டது. நேற்று இரண்டு வார்த்தை பேசினாள். இன்று காலையிலிருந்து உளறல். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறுகிறது, வேறு ஈரல் வைக்காவிட்டால் நாளையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் அச்சுதன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

சுபத்ராவுக்குத் தாய் இல்லை. தகப்பனார் ராஜாராமனுக்கு வயசும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, ரத்த வகையும் சேரவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் ஈரலுக்காகப் பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். அது வரும்போது வரட்டும். கையில் இருந்தது தயாளன் ஒருவன்தான். ரத்தம் பொருந்தியது. ஆளும் வாட்டசாட்டமானவன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். பொண்டாட்டிக்கு என்றதும் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

இப்போது அவனுடைய ரத்தமே குறுக்கே வந்து படுத்துவிட்டது.

“ஸ்கேன் நல்லா இருக்கும்மா,” என்றார் டாக்டர் அச்சுதன். உள்ளே கூப்பிட்டுப் பேச நேரமில்லாமல் காத்திருக்கும் கூடத்துக்கே வந்து, காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். “உங்க பையன் ஈரல்ல கொழுப்பு இல்ல. ஆனா ரத்தத்துல ஃபெரிட்டின்னு ஒண்ணு, இருக்க வேண்டியதுக்குப் பல மடங்கு ஏறியிருக்கு. இரும்பைப் பத்திரமா வெச்சுக்கிற புரதம் அது. இவ்வளவு ஏறினா உள்ள எங்கயோ ஏதோ புகையுதுன்னு அர்த்தம்.”

“சார், நான் நல்லாத்தான் கீறேன்,” தயாளன் குறுக்கே விழுந்தான். “தண்ணி கெடையாது, சிகரெட்டு கெடையாது. எடுத்துக்குங்க சார். எதுனா ஆனா நான் பாத்துக்கறேன்.”

“நீங்க எப்படிப் பாத்துப்பீங்க தயாளன்? நீங்க மேஜை மேல இருப்பீங்க. காரணம் தெரியாம நல்லா இருக்கிற ஒருத்தரை அறுக்க உறுப்பு தானக் கமிட்டி ஒத்துக்காது. நானும் ஒத்துக்க மாட்டேன். ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரையும் பறிக்க முடியாது.”

அவர் தையல்நாயகியின் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே கண்புரை வந்திருக்கா? இருபது, முப்பது வயசுல? ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?”

தையல்நாயகியின் வலது கை அப்போது அபிதகுஜாம்பாளின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. அபிதகுஜாம்பாள் அவளுடைய சம்பந்தி ஆகப்போகிறவள். சேலையூர்க்காரி. அவள் மகன் தினகரனுக்கும் தையல்நாயகியின் கடைக்குட்டி தீபாவுக்கும் போன மாதம்தான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மருமகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஃபிளாஸ்க்கில் ஹார்லிக்ஸ் ஆற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். நல்ல மனசுதான். ஆனால் காது ரொம்பக் கூர்மை.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் தையல்நாயகி.

யோசித்துச் சொல்லவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட கை தானாகப் பின்னால் வருமே, அப்படி வந்தது. சொல்லிச் சொல்லி அவ்வளவு பழகிப்போயிருந்தது.

“அப்டி யாருக்கும் இல்ல சார்,” என்று தயாளனும் சொன்னான். அவன் சொன்னது பொய் இல்லை. பாவம், அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

செம்பாக்கத்தில் தையல்நாயகி பிறந்த வீட்டுக்கு ஊருக்குள் ‘பொரை வூடு’ என்று ஒரு பெயர் உண்டு. அந்த வீட்டில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு முப்பது முடிவதற்குள் கண்ணில் பால் ஊற்றியதுபோல் புரை விழும். அக்கா தனக்கோடிக்கு இருபத்தாறில் விழுந்தது. கட்டிய புருஷன் ஒரு நாள் மாட்டு வண்டியில் கூட்டிவந்து, தெரிஞ்சே தள்ளிவிட்டீங்களே என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, இறக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தனக்கோடி அந்த வீட்டை விட்டு வெளியே போனது பாடையில்தான். இதைப் பார்த்து வளர்ந்தவள் தையல்நாயகி. அவளுக்கும் விழுந்தபோது புருஷன் சுப்பராயலு காதும் காதும் வைத்த மாதிரி எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தார். தங்கமான மனுஷன், கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரகசியம் தையல்நாயகி ஒருத்தியிடம் தங்கிவிட்டது.

பிறகு தீபாவுக்கு விழுந்தது. இருபத்து மூன்று வயதில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு, கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் புகையாகத் தெரிந்தது. அப்போது வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். தையல்நாயகி அசரவில்லை. அத்தை வீட்டுக்கு என்று சொல்லி வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும், கண்ணில் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: தீபாவுக்கு மெட்ராஸ் ஐ. மெட்ராஸ் ஐ வந்தவளைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற ஊர் இது. அக்கம்பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. தயாளன் தங்கையைக் கடக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தான். அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கும் மெட்ராஸ் ஐ வந்தது. அவன் அப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தான்.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கே சொன்ன மாதிரி. பெயிண்ட் வாங்க வருகிறவனிடம் தன் வீட்டு ரசத்தில் உப்புக் குறைந்ததுவரை சொல்லுவான். வாயில் எதுவும் நிற்காது.

சுபத்ராவிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. சொட்டு மருந்து ஊற்ற ஒரு கை வேண்டுமே. தையல்நாயகிக்குக் கை நடுக்கம். சுபத்ரா எல்லாவற்றையும் நின்று கேட்டாள். ஏன் என் கல்யாணத்தின்போது சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: “நம்ம மிருதுளாவுக்கும் வருமா அத்தே?”

“வராது,” என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். அதுவும் பழகிப்போன பதில்தான்.

“ஏன் சார், கண்ணுக்கும் ஈரலுக்கும் இன்னா சம்பந்தம்?” தயாளன் டாக்டரை விடவில்லை.

டாக்டர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “ஏற்காடு போயிருக்கீங்களா? கொண்டை ஊசி வளைவு பாத்திருப்பீங்க. நம்ம உடம்புல எந்தப் புரதம் செய்யணும்னாலும் ஜீன்ல இருந்து ஒரு நகல் எடுத்து அனுப்பும். அதுக்குப் பேரு ஆர்.என்.ஏ. நீளமா நாடா மாதிரி இருக்கும். ஆனா நாடா மாதிரி நேராக் கிடக்காது, தன்மேலயே மடிஞ்சுக்கும். ஃபெரிட்டினுக்கு வர்ற நாடாவோட தலைப்புல அந்த மாதிரி ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கு. உடம்புல இரும்பு கம்மியா இருந்தா, காவல்காரன் மாதிரி ஒரு புரதம் வந்து அந்த வளைவுல உக்காந்துக்கும். அது உக்காந்திருக்கிற வரைக்கும் நாடாவைப் படிக்க முடியாது, ஃபெரிட்டின் செய்யறது நிக்கும். இரும்பு வந்ததும் காவல் எழுந்து போயிடும், வேலை நடக்கும்.”

“சரி சார்.”

“சில குடும்பங்கள்ல அந்த இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஃபெரிட்டினோட செய்முறை மாறல, அது அப்படியேதான் இருக்கும். மடிப்பு மட்டும் சரியா விழாது. மடிப்பு இல்லைன்னா காவல் எங்க உக்காரும்? இரும்பு இருக்கோ இல்லையோ, ஃபெரிட்டினைச் செஞ்சு தள்ளிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல எகிறும். கண்ணோட லென்ஸ்ல படிஞ்சு சின்ன வயசுலயே புரை விழும். அவ்வளவுதான், வேற ஒரு கெடுதலும் பண்ணாது. ஈரல் தங்கமா இருக்கும். உங்க ஸ்கேன்ல ஈரல்ல இரும்பே படியல, ரத்தத்துலயும் இரும்பு சரியா இருக்கு. அதைப் பாத்ததும் இதுவா இருக்குமோன்னு எனக்கு ஒரு ஆசை. குடும்பத்துல கண்புரை இருந்திருந்தா தைரியமா கமிட்டில பேசியிருப்பேன். இல்லைன்னுட்டீங்க. அப்ப வேற ஏதோ காரணம். அதைக் கண்டுபிடிக்க நேரம் இல்ல. சாயந்தரம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள வேற யாராவது டோனர் இருந்தா சொல்லுங்க.”

அவர் போய்விட்டார். கதவு ஆடி நின்றது.

தையல்நாயகி அசையவில்லை. டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை, ஆனால் வேண்டிய பாதி நன்றாகவே புரிந்துவிட்டது. அவள் வாயிலிருந்து வந்த ஒரு ‘இல்லீங்க’ உள்ளே படுத்திருப்பவளின் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது. எழுந்து ஓடி, டாக்டரய்யா ஒரு நிமிஷம் என்று கூப்பிடலாம். கால் எழவில்லை.

ஏன் எழவில்லை என்றும் அவளுக்குத் தெரியும். சும்மா இருந்தாலே போதும் என்று மனசுக்குள் ஒன்று கணக்காகப் பேசியது. புதிதாகப் பொய் சொல்லக்கூட வேண்டாம். மகன் வயிறு கிழிபடாது. தீபா கழுத்தில் தாலி ஏறும். பழி மாத்திரைக்குப் போகும், விதிக்குப் போகும். யாரும் இவளைக் கேட்கப் போவதில்லை.

“நல்லவேளை சம்மந்தி,” அபிதகுஜாம்பாள் காதருகே குனிந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு ஆயுசு அவ்ளோதான்னா நாம இன்னா பண்ணமுடியும்? உங்க புள்ளையாவது முழுசா இருக்கட்டும். கொழந்தைக்கு அப்பன் வேணுமில்ல?”

தையல்நாயகி தலையை ஆட்டி வைத்தாள்.

“கண்ணு கிண்ணுன்னு இன்னாவோ கேக்கறாரு பாரு அந்த டாக்டரு. எங்க ஒண்ணுவிட்ட அக்கா பொண்ண அந்த மாதிரி ஒரு வூட்ல குடுத்துட்டு இன்னும் அழுதுகினு கீறாங்க. அதுக்குத்தான் நான் தீபாவைப் பாக்க வந்தப்ப கண்ணைத்தான் மொதல்ல பாத்தேன். இன்னா பளபளன்னு கீது!”

பளபளக்காமல் என்ன செய்யும், புது லென்ஸ். தையல்நாயகிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஜன்னலருகே தயாளன் போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெளியே பெரும்பாக்கத்துக் குடியிருப்புக் கட்டடங்கள் வெயிலில் வரிசையாக நின்றன. “என் ரத்தத்துல இன்னாமோ கோளாறாம் மச்சான்... ஓ பாசிட்டிவ் இருந்தா சொல்றா... சொந்தக்காரங்களாத்தான் இருக்கணுமாம், தெரியும்டா, இருந்தாலும்...” போனை அணைத்துவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்குவதைப் பார்க்க முடியாமல் தையல்நாயகி தரையைப் பார்த்தாள்.

“சுபத்ரா வீட்டுக்காரங்க யாராவது ஒருத்தர் பாத்துட்டு வரலாம்,” என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

தயாளன் திரும்பவில்லை. “நீ போம்மா. நான் போயி இன்னா மூஞ்ச வெச்சிகினு பாக்கறது?”

பச்சை அங்கியை மாட்டி, காலில் உறை போட்டு, நர்ஸ் காட்டிய கட்டிலருகே போய் நின்றாள் தையல்நாயகி. மாநிறமாக இருந்த பெண் மஞ்சளாகிக் கிடந்தாள். குழாய்களைப் பிடுங்காதிருக்க மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். விரல்கள் மட்டும் அலைந்தன.

“சுபத்ரா. அத்தை வந்துகிறேம்மா.”

கண் திறந்தது. வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். பார்வை தையல்நாயகியின் முகத்தில் பட்டு, நழுவி, மறுபடி வந்து பட்டது.

“அத்தே... நேரமாச்சு.”

“எதுக்கும்மா?”

“தீபாவுக்கு மருந்து ஊத்தணும்.” நாக்குக் குழறியது. “லைட்ட அணைங்க... கூசும் அவளுக்கு.”

தையல்நாயகி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பாட்டில் ஃபிரிட்ஜில இருக்கு. மாவு குண்டானுக்குப் பின்னால. அவரு கடையிலிருந்து வந்துருவாரு, சீக்கிரம்...” கட்டியிருந்த கை மேலே எழும்பப் பார்த்தது. இரண்டு விரல்கள் இமையை விரித்துப் பிடிப்பதுபோல் காற்றில் விரிந்தன. அந்த விரல்களைத் தையல்நாயகிக்குத் தெரியும். தீபாவின் கண்ணை வலிக்காமல் விரித்துப் பிடித்த விரல்கள். “யாரும் பாக்கல அத்தே. பயப்படாதீங்க. மெட்ராஸ் ஐன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தன் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத நிலையில் கிடக்கிறாள். புருஷனைக் கேட்கவில்லை, பெற்ற பெண்ணைக் கேட்கவில்லை. புத்தி கலங்கிய பிறகும் இவர்கள் வீட்டு ரகசியத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டிலில் தீபா கிடந்திருந்தால் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்லியிருப்பேனே என்று தையல்நாயகி நினைத்தாள். சேலையூர் என்ன, ஊர் உலகமே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். இவள் மருமகள். அதனால்தான் கால் எழவில்லை. இதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தனக்கோடியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் போனானே ஒருவன், அவனை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறாள். அவனாவது உயிரோடு இறக்கிவிட்டான்.

அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தாள். காலுறை வழுக்கியது.

கூடத்தில் டாக்டர் அச்சுதன் கையில் கோப்போடு லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். கமிட்டிக்குப் போகிறார் போலிருக்கிறது. தயாளன் அவர் வழியை மறித்து ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தான். அபிதகுஜாம்பாள் ஹார்லிக்ஸை மூடியில் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது.

“எனுக்கு பொரை விழுந்துச்சு!” என்று கத்திவிட்டாள் தையல்நாயகி.

கூடமே திரும்பியது. டாக்டரின் கால் லிஃப்ட்டுக்குள் பாதி போயிருந்தது.

“இருபத்தொம்பது வயசுல. எங்கக்காவுக்கு இருபத்தாறுல. எங்கம்மாவுக்கு, எங்க தாய்மாமனுக்கு, எல்லாருக்கும். போன வருசம் என் பொண்ணு தீபாவுக்கு. ரெண்டு கண்ணுலயும். ஆபரேசன் பண்ணோம். நான் பொய் சொன்னேன் சார். எங்க வூட்டுக்குப் பேரே பொரை வூடு சார்.”

லிஃப்ட் கதவு டாக்டரின் தோளில் இடித்துத் திரும்பத் திறந்தது. அவர் வெளியே வந்தார். கோபம்தான் பட வேண்டியவர். படவில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. “தீபாவோட ஆபரேஷன் பேப்பர் இருக்கா? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, உடனே. ஃபெரிட்டின் பாக்க அவங்க ரத்தமும் வேணும், கிளம்பி வரச் சொல்லுங்க. உங்க ரத்தமும் வேணும்.” தயாளனைப் பார்த்தார். “உங்களுக்குக் கண்ணுல ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல சார். ராத்திரில எதுக்க வர்ற வண்டி லைட்டு கொஞ்சம் கூசும். அதனால பொழுது சாஞ்சா வண்டி எடுக்க மாட்டேன். அது ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ்காரனுங்க லைட்ட எறக்காம ஓட்றதால சார்...” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

“கண் டாக்டரைக் கூப்பிடறேன். வாங்க.”

தயாளன் நகரவில்லை. அம்மாவையே பார்த்தான். “எல்லாருக்கும் தெரிஞ்சிகிது. எனுக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?”

“உனுக்கு வாய் நிக்காதுடா தயா.”

“சுபத்ராவுக்கு?”

“அவதான்டா மருந்து ஊத்துனா.”

அவன் முகம் என்னென்னவோ ஆனது. டாக்டரின் பின்னால் ஓடினான். அம்மாவைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அபிதகுஜாம்பாள் ஃபிளாஸ்க்கின் அடைப்பானைத் திருகினாள். கைப்பையை எடுத்தாள். ஊற்றி வைத்த ஹார்லிக்ஸை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, தையல்நாயகியின் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். “சூடு ஆறறதுக்குள்ள குடிச்சிடுங்க,” என்றாள். சம்மந்தி என்று சொல்லவில்லை.

தீபாவிடம் போனில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தையல்நாயகி சொல்லி முடித்ததும் தீபா முதலில் கேட்டது சேலையூர்க்காரியைப் பற்றித்தான்.

“அவங்க முன்னாடியேவா சொன்ன?”

“ஆமாம்மா.”

“அண்ணி பொழச்சிப்பாங்களாம்மா?”

“தெரியல.”

“பேப்பர் பீரோ லாக்கர்ல கீது. அனுப்பறேன். நானும் வரேன்.” வைத்துவிட்டாள்.

தயாளனின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்த கண் டாக்டர், லென்ஸ் முழுக்க ரொட்டித் தூள் தூவியதுபோல் வெள்ளைப் பொடி இருப்பதாகச் சொன்னாராம். அவருக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தாய்க்கும் தங்கைக்கும் ஃபெரிட்டின் அதே மாதிரி எகிறியிருந்தது. ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்த முடிவு வரச் சில வாரம் ஆகும், ஆனால் மற்றதெல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகிறது என்று டாக்டர் அச்சுதன் கமிட்டியில் நின்று பேசினார். கமிட்டி ஒத்துக்கொண்டது.

தயாளனை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது தையல்நாயகி அவன் பாதத்தைத் தொட்டாள். இப்போது அவனை அந்த மேஜையில் கிடத்தியது அவள் வாய்தான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் அவள்தான். நேற்று வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட சாமிகளையெல்லாம் இன்று வேறு மாதிரி வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

அவன் தலையைத் திருப்பினான். “மிருதுளாவப் பாத்துக்கம்மா,” என்றான்.

அந்த இரவு எப்படிப் போயிற்று என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தீபாவின் மடியில் தலை வைத்துக் கிடந்ததும், பொழுது விடிந்து யாரோ ஒரு டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிச் சிரித்ததும் மட்டும் நினைவிருக்கிறது. சிரித்தார். அது போதும்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்த பட்டுவேட்டியும் தட்டில் வைத்துக் கொடுத்த வெள்ளிக் குங்குமச்சிமிழும் அந்த வாரமே ஒரு ஜவுளிக்கடைப் பையில் வீடு திரும்பின. கொண்டுவந்த ஆள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். தீபா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் வெளியே வந்தபோது அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இன்னாடி, மறுபடியும் மெட்ராஸ் ஐயா?” என்றாள். “இல்லக்கா, அழுதேன்,” என்றாள் தீபா.

தயாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான். அம்மாவோடு பேசினான், ஆனால் அளந்து பேசினான். வாயில் எதுவும் நிற்காதவன் அளந்து பேசுவது தையல்நாயகிக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள்.

சுபத்ராவுக்குத் தெளிவு வந்தபோது தையல்நாயகிதான் பக்கத்தில் இருந்தாள். மஞ்சள் வடிந்து கண்ணில் கொஞ்சம் வெள்ளை திரும்பியிருந்தது. தொண்டையில் குழாய் இருந்த எரிச்சலோடு, காற்றாகப் பேசினாள்.

“அவரு?”

“நல்லா கீறான். அவன் ஈரல்தான் உன் வயித்துல கீது.”

அதைக் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு பதறி, கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “அத்தே, நான் மயக்கத்துல எதுனா உளறிட்டேனா? தீபா விஷயம்... சேலையூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றாள்.

“நீ ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். எல்லார் எதுக்கயும்.”

சுபத்ரா அவளையே பார்த்தாள். அதில் நன்றி இல்லை, கோபமும் இல்லை. என்ன ஆயிற்று, ஏன் சொன்னீர்கள், தீபா என்ன ஆவாள் என்று எதுவும் கேட்கவில்லை. முன்பு ஒருமுறை கேட்ட கேள்வியைத்தான் மறுபடி கேட்டாள்.

“அப்ப நம்ம மிருதுளாவுக்கு?”

‘வராது’ என்பது தையல்நாயகியின் நாக்கு நுனிவரை வந்தது. உடம்பு தேறாத பெண், இப்போது எதற்கு என்று ஒரு சாக்கும் கூடவே வந்தது. அவள் சுபத்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்த மணிக்கட்டில் துணியின் தடம் இன்னும் இருந்தது.

“வரலாம்மா,” என்றாள். “பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிகிறாரு. நான் அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்.”